நேற்று வரை ஓடிய சர்வர் இன்று ஏன் எழவில்லை? – வாசகர் கேள்வி பதில்

ரீபூட் ஆன பிறகு எழ மறுக்கும் சர்வர் புரோகிராம்களைப் பற்றி எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பலவும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில்தான் தொடங்குகின்றன. காலை 9 மணிக்குக் கரண்ட் போகிறது. யுபிஎஸ் பேட்டரி கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டு ஓய்கிறது. மாலையில் கரண்ட் வந்ததும் மெஷின் எழுகிறது, அதன்மேல் ஓடவேண்டிய புரோகிராம் எழவில்லை. கோவையில் 22 வருஷமாக, முதலில் ஒரு பொறியியல் கல்லூரி லேபிலும் பிறகு மில்களிலும் சர்வர் பார்த்து வருகிறேன். அந்த மாலை நேரத்து போன் அழைப்பில் இருக்கும் பதற்றம் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே.

கமாண்டுகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

மேடம், எங்கள் பனியன் கம்பெனியில் பில் போடும் புரோகிராம் ஒரு உபுண்டு சர்வரில் இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் அது தானாக வருவதில்லை. நான் போய் ஸ்டார்ட் கொடுத்தால் உடனே வந்துவிடும். ஒவ்வொரு மாதமும் இப்படித்தான். புரோகிராமில் கோளாறா?
– கணக்குப் பிரிவு வாசகர், திருப்பூர்

புரோகிராம் நன்றாகத்தான் இருக்கிறது. அதைக் கூப்பிடச் சொல்லி யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். "ஸ்டார்ட்" என்றால் இப்போது ஓடு என்று பொருள். "எனேபிள்" என்றால் இனி மெஷின் எழும்போதெல்லாம் ஓடு. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக ஆகாது.

உபுண்டு என்ற லினக்ஸில் 15.04 பதிப்பிலிருந்து சர்வீஸ்களை, அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராம்களை, எழுப்பும் வேலை சிஸ்டம்டி என்ற மென்பொருளிடம் இருக்கிறது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் 8-ஆம் பதிப்பிலும் அதே 2015-இல்தான் வந்தது. எனேபிள் கொடுக்கும்போது சிஸ்டம்டி பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. "மல்டி யூசர் டார்கெட் வான்ட்ஸ்" என்ற ஃபோல்டருக்குள் உங்கள் சர்வீஸ் ஃபைலுக்கு ஒரு இணைப்பு போட்டு வைக்கும். மெஷின் எழும்போது அந்த ஃபோல்டரைப் பார்த்து, அதில் பெயர் இருப்பவர்களை எல்லாம் கூப்பிடும். உங்கள் பில் புரோகிராமின் பெயர் அதில் இல்லை.

"சிஸ்டம்சிடிஎல் ஈஸ்-எனேபிள்ட்" என்று அடித்து, சர்வீஸ் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். "டிசேபிள்ட்" என்று வந்தால் எனேபிள் செய்துவிடுங்கள், வேலை முடிந்தது. "ஸ்டாட்டிக்" என்று வந்தால் அந்த சர்வீஸ் ஃபைலில் "இன்ஸ்டால்" பகுதியே இல்லை என்று அர்த்தம். கடைசியில் அந்தப் பகுதியைச் சேர்த்து, "வான்டட்பை" என்ற வரியில் மல்டி யூசர் டார்கெட்டைக் குறிப்பிட்டு, மாறிய ஃபைலை மறுபடி படி என்று சிஸ்டம்டியிடம் சொல்லும் "டீமன்-ரீலோட்" கொடுத்துவிட்டுப் பிறகு எனேபிள் செய்யுங்கள். "மாஸ்க்ட்" என்று வந்தால் யாரோ வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று விசாரிக்காமல் திறக்காதீர்கள்.

இதோடு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சில இடங்களில் அந்தப் புரோகிராம் சர்வீஸாகவே இருக்காது. எப்போதோ வேலையை விட்டுப் போனவர், டெர்மினலை மூடினாலும் புரோகிராமை ஓடவிடும் "ஸ்கிரீன்" போட்டு ஓடவிட்டுப் போயிருப்பார். கரண்ட் போகும்வரை ஓடும், பிறகு அதை எப்படித் தொடங்குவது என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்டுபிடிக்க வழி உண்டு. அந்தப் புரோகிராமின் பிராசஸ் எண்ணை எடுத்து, "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்" என்பதோடு அந்த எண்ணைக் கொடுங்கள். மேல் வரியில் ஒரு சர்வீஸ் பெயர் வந்தால் நல்லது. "செஷன்" என்று தொடங்கி "ஸ்கோப்" என்று முடியும் பெயர் வந்தால், யாரோ லாகின் செய்து கையால் ஓடவிட்டது. அடுத்த மின்தடைக்கு முன்பே அதை சர்வீஸாக மாற்றிவிடுங்கள்.

எங்கள் இணையதளம் 7 மாசம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ரீபூட் செய்தோம், தளத்தை வழங்கும் என்ஜின்எக்ஸ் எழவே இல்லை. அன்று யாரும் எதையும் தொடவில்லை என்று உறுதியாகச் சொல்கிறேன். ரீபூட் செய்ததே ஏதாவது ஃபைலைக் கெடுத்துவிட்டதா?
– நிர்வாகப் பிரிவு வாசகர், மதுரை

அன்று யாரும் தொடவில்லை என்பதை நம்புகிறேன். நீங்கள் விசாரிக்க வேண்டியது அந்த ஒரு நாளை அல்ல, முந்தைய ரீபூட்டிலிருந்து இந்த ரீபூட் வரை உள்ள 7 மாசத்தை.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம், தான் தொடங்கிய நாளில் படித்த செட்டிங்கை மெமரியில் வைத்துக்கொண்டே ஓடும். அதன்பிறகு டிஸ்கில் உள்ள ஃபைலை மாற்றினாலும் அதற்குத் தெரியாது, அழித்தேவிட்டாலும் தெரியாது. ரீபூட்டில் மெமரி துடைக்கப்படுகிறது. டிஸ்கில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வைத்துக்கொண்டுதான் எழவேண்டும். எப்போதோ விழுந்த பிழை அன்றைக்குத்தான் வெளியே வருகிறது. நிறுத்தாமலே செட்டிங்கை மறுபடி படிக்கச் சொல்லும் ரீலோட் கொடுத்திருந்தாலும் தப்பித்திருக்க முடியாது. செட்டிங்கில் பிழை இருக்கும்போது ரீலோட் கொடுத்தால், என்ஜின்எக்ஸ் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, பழைய செட்டிங்கிலேயே தொடர்ந்து ஓடும். தளம் நன்றாக வருகிறதே என்று நாமும் விட்டுவிடுவோம்.

கல்லூரி லேபில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை மாதம், செமஸ்டர் ரிசல்ட் வரும் சாயங்காலம். மதியம் யுபிஎஸ் பேட்டரி மாற்றுவதற்காக சர்வரை அணைத்து எழுப்பியிருந்தார்கள். ரிசல்ட் பக்கம் திறக்கவில்லை. லேப் வாசலில் பிள்ளைகள் போனை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் ரீஸ்டார்ட் கொடுத்தேன், மறுபடி கொடுத்தேன், நான்கு முறை கொடுத்தேன். பக்கத்தில் நின்ற லேப் அசிஸ்டென்ட் அண்ணன், கம்ப்யூட்டர் படித்தவர் அல்ல, மெதுவாகக் கேட்டார்: "அம்மிணி, அது என்னமோ சிவப்புல எழுதுதே, என்ன சொல்லுதுன்னு படிச்சீங்களா?"

நான் படிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் "ஃபெயில்ட்" என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி அடித்துக்கொண்டிருந்தேன். அதன் கீழே தெளிவாக எழுதியிருந்தது: ஃபைல் எதிர்பாராமல் முடிந்துவிட்டது, அரைப்புள்ளியோ மூடும் அடைப்புக்குறியோ வந்திருக்க வேண்டும். ஃபைலின் பெயரும் வரி எண்ணும் பக்கத்திலேயே இருந்தன. போய்ப் பார்த்தால் ஃபைலின் தேதி மார்ச் மாதம். பழைய ஒரு பகுதியை நீக்கும்போது, அதோடு சேர்த்து வெளி அடைப்புக்குறி ஒன்றையும் நீக்கியிருக்கிறேன். அதற்குள் யாரோ கூப்பிட, சேவ் செய்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். மார்ச்சிலிருந்து ஜூலை வரை அந்த ஃபைல் உடைந்தே கிடந்தது, தளம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு அடைப்புக்குறியைப் போட்டதும் எழுந்தது. அந்த அண்ணன் கேட்ட கேள்வியை அன்றிலிருந்து எனக்கு நானே முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் சர்வரில் இதைச் செய்யுங்கள். மறுபடி ஸ்டார்ட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, "ஜர்னல்சிடிஎல்" என்பதோடு "ஹைஃபன் யு", சர்வீஸ் பெயர், "ஹைஃபன் பி" கொடுங்கள். இந்த ரீபூட்டுக்குப் பிறகு அந்த சர்வீஸ் சொன்னதை மட்டும் காட்டும். கடைசி வரியைப் பார்க்காதீர்கள். கடைசி வரி எப்போதும் "எழவில்லை" என்றுதான் இருக்கும். மேலிருந்து படித்து, முதல் பிழை எங்கே வருகிறது என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். என்ஜின்எக்ஸ் என்றால் "என்ஜின்எக்ஸ் ஹைஃபன் டி" கொடுத்தால் போதும், எந்த ஃபைலில் எந்த வரி என்று அதுவே சொல்லிவிடும்.

லாக் புரியவில்லை என்றால் தேதியைப் பிடியுங்கள். "லாஸ்ட் ரீபூட்" என்று அடித்தால், முன்பு எந்தெந்த நாளில் மெஷின் எழுந்தது என்ற பட்டியல் வரும். முந்தைய தேதியை எடுத்துக்கொண்டு, "ஃபைண்ட்" கமாண்டில் "ஈடிசி" ஃபோல்டரைக் கொடுத்து, "ஹைஃபன் நியூயர்எம்டி" என்று போட்டு அந்தத் தேதியை வருஷம்-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். அந்த நாளுக்குப் பிறகு மாறிய செட்டிங் ஃபைல்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். 7 மாசம் என்பது ஒரு பக்கப் பட்டியலாகச் சுருங்கிவிடும். அதோடு, தானாக நடந்த அப்டேட்களையும் பாருங்கள். உபுண்டுவில் "ஏபிடி" லாக் ஃபோல்டரில் "ஹிஸ்டரி" ஃபைல், ரெட்ஹாட் வகையில் "டிஎன்எஃப் ஹிஸ்டரி".

அக்கா, எங்கள் ஸ்கேன் சென்டரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டாக்கரில் ஓடுகிறது. ரீபூட்டுக்குப் பிறகு அது எந்த எர்ரரும் இல்லாமல் எழுந்துவிட்டது. ஆனால் உள்ளே ஒரு நோயாளியின் பெயர்கூட இல்லை. எல்லாம் காலி. கை நடுங்குகிறது. என்ன செய்வது?
– வாசகி, சேலம்

முதலில் அந்த கன்டெய்னரை, அதாவது டாக்கர் தனிப் பெட்டிபோல் வைத்து ஓட்டும் அந்த டேட்டாபேஸை, நிறுத்துங்கள் தங்கச்சி. இதைப் படிக்கும் நிமிடம் வரை யாராவது அதில் புதுப் பதிவு போட்டுக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் பழைய டேட்டா அழிந்திருக்க வாய்ப்பு குறைவு. அது வேறு டிஸ்கில் பத்திரமாக இருக்கும், அந்த டிஸ்க் இணைக்கப்படாமல் இருக்கும்.

எழாத டேட்டாபேஸைவிடக் காலியாக எழுந்த டேட்டாபேஸ் ஆபத்தானது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரிய டிஸ்க் ஒன்றை வாங்கி, "டேட்டா" என்ற ஃபோல்டரில் மவுண்ட் செய்து, அதாவது இணைத்து, அதற்குள் டேட்டாபேஸை வைத்திருப்பீர்கள். அன்று மவுண்ட் கமாண்டைக் கையால் கொடுத்தவர், அதை "எஃப்எஸ்டேப்" ஃபைலில், மெஷின் எழும்போது எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்ற பட்டியலில், எழுத மறந்திருக்கலாம். அல்லது டிஸ்கின் பெயரை "எஸ்டிபி" என்று எழுதி, டிஸ்க் இல்லாவிட்டாலும் மேலே போ எனும் "நோஃபெயில்" என்ற சொல்லையும் சேர்த்திருப்பார், ரீபூட்டில் அதே டிஸ்க் "எஸ்டிசி" ஆகியிருக்கும். அந்தப் பெயர்கள் டிஸ்குகள் கண்ணில் படும் வரிசையில் வைக்கப்படுபவை, நிலையானவை அல்ல. டிஸ்க் இணையாதபோதும் "டேட்டா" என்ற ஃபோல்டர் வெறும் கூடாக அங்கேயே இருக்கும். டாக்கர் அதற்குள் போய்ப் பார்க்கும், தேடிய ஃபோல்டர் இல்லை என்றால் தானே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் அந்தக் காலி ஃபோல்டரைப் பார்த்து, இது புது இடம் போலிருக்கிறது என்று புத்தம்புது டேட்டாபேஸைத் தொடங்கிவிடும். எல்லாருமே தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள், அதனால்தான் எர்ரர் எதுவும் வரவில்லை.

"எல்எஸ்பிஎல்கே ஹைஃபன் எஃப்" என்று அடியுங்கள். எல்லா டிஸ்குகளும், அவற்றின் மாறாத அடையாளமான யுயுஐடி எண்ணும், எது எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என்பதும் வரும். பெரிய டிஸ்குக்கு நேரே மவுண்ட் இடம் காலியாக இருந்தால், நான் சொன்னது உறுதி. உடனே மவுண்ட் செய்துவிடாதீர்கள். இன்று காலையிலிருந்து போட்ட பதிவுகள் அந்தப் புது டேட்டாபேஸில் இருக்கின்றன. மேலே டிஸ்கை மவுண்ட் செய்தால் அவை அடியில் மறைந்துவிடும். அந்தப் புது ஃபோல்டரை வேறு பெயரில் வேறு இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு, பிறகு டிஸ்கை இணையுங்கள்.

எஃப்எஸ்டேப்பில் டிஸ்க் பெயருக்குப் பதில் யுயுஐடியை எழுதுங்கள். எழுதியதும் "ஃபைண்ட்எம்என்டி" கமாண்டை "ஹைஃபன் ஹைஃபன் வெரிஃபை" என்று சேர்த்து ஓட்டினால் எழுத்துப் பிழையைச் சொல்லும். "டீமன்-ரீலோட்" கொடுத்துவிட்டு "மவுண்ட் ஹைஃபன் ஏ" கொடுங்கள். டிஸ்க் கிடைக்காவிட்டால் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு, எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். அதற்குப் பயந்து பலரும் "நோஃபெயில்" என்று போடுகிறார்கள். தூரத்தில் இருக்கும் சர்வருக்கு அது தேவைதான், ஆனால் உங்களுக்கு வந்த கதை மறுபடி வர அதுவே வழி செய்யும். நோஃபெயில் போடுவதென்றால் டாக்கர் சர்வீஸில் "ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்" என்ற வரியில் அந்த ஃபோல்டரைக் கட்டாயம் எழுதுங்கள். டிஸ்க் வராவிட்டால் டாக்கரும் எழாது. எழாமல் இருப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

இன்னும் ஒன்று, நான் எல்லா இடத்திலும் செய்வது: டிஸ்கை மவுண்ட் செய்வதற்கு முன், அந்தக் காலிக் கூடு ஃபோல்டருக்கு "சிஎச்ஏடிடிஆர் பிளஸ் ஐ" கொடுத்துவிடுவேன். டிஸ்க் இல்லாதபோது ரூட் என்ற முழு அதிகார யூசர்கூட அதற்குள் எதையும் எழுத முடியாது. டிஸ்க் வந்து மேலே அமர்ந்ததும் வழக்கம்போல் வேலை நடக்கும்.

ரீபூட் ஆனதும் எங்கள் சர்வீஸ் ஃபெயில் ஆகிறது. ஐந்து நிமிடம் கழித்து நான் ஸ்டார்ட் கொடுத்தால் வந்துவிடுகிறது. எனேபிள் செய்துதான் இருக்கிறது. இப்போதைக்கு ஸ்கிரிப்டில் 60 விநாடி தூங்கவிட்டு ஓட்டுகிறேன். சரிதானா?
– தொழிற்சாலை ஐடி பிரிவு, ஓசூர்

தூங்கவிடுவது எனக்கு உடன்பாடில்லை. இன்று 60 விநாடி போதும். ஸ்விட்ச் எழ 70 விநாடி எடுக்கும் நாளில் மறுபடி விழும்.

லாகில் "கேட்ட முகவரியை ஒதுக்க முடியவில்லை" என்ற பொருளில் ஒரு வரியோ, "ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்" என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் புரோகிராம் நெட்வொர்க்கைவிட முந்திக்கொண்டு எழுகிறது. சர்வீஸ் ஃபைலில் "ஆஃப்டர் நெட்வொர்க் டார்கெட்" என்று எழுதியிருப்பீர்கள். எழுதிவிட்டோமே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நெட்வொர்க் டார்கெட் என்பது நெட்வொர்க்கைக் கவனிக்கும் மென்பொருள் தொடங்கிவிட்டது என்பதற்கான அடையாளம் மட்டுமே. ஐபி முகவரி கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. உங்களுக்கு வேண்டியது "நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்". அதை "ஆஃப்டர்" வரியில் மட்டும் எழுதினால் போதாது, "வான்ட்ஸ்" வரியிலும் எழுத வேண்டும். ஆஃப்டர் என்பது வரிசையைத்தான் சொல்லும். வான்ட்ஸ்தான் அதைக் கூப்பிடும்.

அதோடு "ரீஸ்டார்ட்" வரியில் "ஆன்-ஃபெயில்யர்" என்றும், "ரீஸ்டார்ட்செக்" வரியில் 5 என்றும் போடுங்கள். இந்த 5 முக்கியம். ஒன்றும் சொல்லாவிட்டால் சிஸ்டம்டி 100 மில்லி விநாடி இடைவெளியில் மறுபடி முயலும். 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் போனால் "திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டாய்" என்று சொல்லிக் கைவிட்டுவிடும். நெட்வொர்க் எழுவதற்குள் ஐந்து வாய்ப்பும் தீர்ந்துபோகும். 5 விநாடி இடைவெளி கொடுத்தால் அந்த எல்லையைத் தொடாமல் முயன்றுகொண்டே இருக்கும்.

வணக்கம் அக்கா. நான் கடைசி வருஷ மாணவன். என் பைத்தான் புரோகிராம் டெர்மினலில் அழகாக ஓடுகிறது. சர்வீஸாகப் போட்டு ரீபூட் செய்தால் ஒரு எண்ணைக் காட்டிவிட்டு விழுந்துவிடுகிறது. ஒரு முறை 203, ஒரு முறை 200.
– மாணவர், திருச்சி

தம்பி, அந்த எண்களைக் குறித்து அனுப்பியதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். 203 என்றால், ஓட்டச் சொன்ன புரோகிராமையே சிஸ்டம்டியால் ஓட்ட முடியவில்லை: பாதை தப்பு, அல்லது ஓட்டும் அனுமதி இல்லை, அல்லது ஸ்கிரிப்டின் முதல் வரியில் உள்ள பைத்தான் அந்த இடத்தில் இல்லை. 200 என்றால் "வொர்க்கிங் டைரக்டரி" என்று நீ சொன்ன ஃபோல்டருக்குள் அதனால் போக முடியவில்லை. அடுத்து 217 வந்தால், சர்வீஸ் ஃபைலில் எழுதிய யூசர் அந்த மெஷினில் இல்லை என்று தெரிந்துகொள்.

நீ டெர்மினலைத் திறக்கும்போது "பாஷ்ஆர்சி" ஃபைல் ஓடி, உனக்கு வேண்டிய பாதைகளையும் பாஸ்வேர்டு மாறிகளையும் தயார் செய்து வைக்கிறது. சர்வீஸுக்கு அது எதுவும் கிடையாது. அதனால் பைத்தானின் முழுப் பாதையை எழுது. வெர்ச்சுவல் என்விரான்மென்ட் வைத்திருந்தால் அதற்குள் இருக்கும் பைத்தானின் பாதையை எழுது. மாறிகளைத் தனி ஃபைலில் போட்டு "என்விரான்மென்ட்ஃபைல்" வரியில் காட்டு.

இதெல்லாம் சரியாகியும் விழுந்தால் லாக் ஃபைல் யார் பெயரில் இருக்கிறது என்று "எல்எஸ் ஹைஃபன் எல்" கொடுத்துப் பார். "சூடோ" போட்டு, அதாவது ரூட் அதிகாரத்தில், ஒரு முறை கையால் ஓட்டியிருப்பாய். அப்போது உருவான ஃபைல் ரூட் பெயரில் இருக்கும். சர்வீஸ் வேறு யூசரில் எழும்போது அதில் எழுத முடியாமல் நின்றுவிடும். நான் பார்த்த புதியவர்கள் பலரும் இங்கே ஒரு நாளைத் தொலைத்திருக்கிறார்கள்.

"வார் ரன்" ஃபோல்டருக்குள் என் புரோகிராமுக்கு ஒரு ஃபோல்டர் உருவாக்கி வைக்கிறேன். ஒவ்வொரு ரீபூட்டுக்கும் காணாமல் போகிறது. யார் அழிக்கிறார்கள்?
– வாசகர், வேலூர்

யாரும் அழிக்கவில்லை. இப்போதைய லினக்ஸ்களில் அது மெமரியில் இருக்கும் இடம். கரண்ட் போனால் அதுவும் போகும். சர்வீஸ் ஃபைலில் "ரன்டைம்டைரக்டரி" என்ற வரியில் ஃபோல்டர் பெயரைப் போட்டால், ஒவ்வொரு முறையும் சரியான யூசர் பெயரில் சிஸ்டம்டியே உருவாக்கித் தரும்.

எங்கள் மருந்து மொத்த விற்பனைக் கடையில் விண்டோஸ் சர்வர். ரீபூட் செய்ததும் டேட்டாபேஸ் சர்வீஸ் எழவில்லை, 1069 என்று வருகிறது. மூன்று வாரமாக எந்தப் பிரச்சினையும் இல்லை.
– வாசகர், நாகர்கோவில்

மூன்று வாரத்துக்கு முன் அட்மின் பாஸ்வேர்டை மாற்றினீர்களா? 1069 என்றால் லாகின் தோல்வி. அந்த சர்வீஸ் ஒரு யூசர் பெயரில் ஓடுகிறது. அந்த யூசரின் பாஸ்வேர்டு மாறிவிட்டது, சர்வீஸுக்குள் எழுதி வைத்த பழைய பாஸ்வேர்டு மாறவில்லை. பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது சர்வீஸ் தொடங்கும் நேரத்தில்தான். ஓடிக்கொண்டிருந்ததை யாரும் மறுபடி கேட்கவில்லை. மதுரை வாசகருக்கு நேர்ந்ததன் விண்டோஸ் வடிவம் இது.

"சர்வீசஸ்" திரையில் அந்த சர்வீஸின் "லாக் ஆன்" பக்கத்தில் புதுப் பாஸ்வேர்டைப் போடுங்கள். "ஈவென்ட் வியூவர்" திறந்து, "சிஸ்டம்" லாகில் 7038 என்ற எண்ணைத் தேடினால் எந்த யூசர் என்பதும் எழுதியிருக்கும். 1053 என்று வந்திருந்தால் கதை வேறு. சர்வீஸ் 30 விநாடிக்குள் பதில் சொல்லவில்லை என்று பொருள். பழைய மெஷினில் எல்லாம் ஒரே நேரத்தில் எழ முயலும்போது இப்படி ஆகும். அப்போது "ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட்" என்று மாற்றினால், மற்றவை எழுந்து சுமார் 2 நிமிடம் கழித்து இது எழும்.

எங்கள் மேனேஜர், சர்வரை 900 நாளாக ரீபூட் செய்யவில்லை என்று பெருமையாகச் சொல்கிறார். நான் மாதம் ஒரு முறை செய்யலாம் என்கிறேன். யார் சொல்வது சரி?
– வாசகி, ஈரோடு

நீங்கள் சொல்வதுதான் சரி என்று உறுதியாகச் சொல்கிறேன். 900 நாளில் எத்தனை பேர் எத்தனை ஃபைலைத் தொட்டிருப்பார்கள்! ஃபயர்வாலில் "பெர்மனென்ட்" போடாமல் திறந்த போர்ட், கையால் சேர்த்த ஐபி முகவரி, "செட்என்ஃபோர்ஸ்" கொடுத்துத் தற்காலிகமாகத் தளர்த்திய எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு, இவை எதுவும் ரீபூட்டுக்குப் பிறகு இருக்காது. லினக்ஸின் மையமான கெர்னலுக்கு வரும் அப்டேட்கள் டிஸ்கில் வந்து காத்திருக்கும், ஓடுவது பழைய கெர்னலாகவே இருக்கும். 901-ஆவது நாள் இரவு 2 மணிக்குக் கரண்ட் போனால், இத்தனையும் ஒரே நேரத்தில் உங்கள் தலையில் விழும்.

மேனேஜரிடம் ஒரு சனிக்கிழமை மதியம் கேளுங்கள். பேக்கப் எடுங்கள். ரீபூட்டுக்கு முன் "எஸ்எஸ் ஹைஃபன் எல்டிஎன்பி" கொடுத்தால் எந்தெந்த போர்ட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் வரும். அதைச் சேமித்து, பேப்பரிலும் அச்சடித்துக்கொள்ளுங்கள். 80-இல் என்ஜின்எக்ஸ், 3306-இல் மைஎஸ்கியூஎல், 5432-இல் போஸ்ட்கிரெஸ், 22-இல் எஸ்எஸ்எச், இப்படி. ரீபூட் முடிந்ததும் அதே கமாண்டை மறுபடி கொடுத்து, பேப்பரில் ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். டிக் விழாத வரிதான் உங்கள் வேலை. "சிஸ்டம்சிடிஎல் ஹைஃபன் ஹைஃபன் ஃபெயில்ட்" கொடுத்தால் விழுந்தவற்றின் பெயர் தனியாக வரும். ஆனால் எனேபிளே செய்யப்படாதவை அதில் வராது. அதற்காகத்தான் அந்தப் பேப்பர்.

முதல் முறை கட்டாயம் ஏதாவது எழாது. மேனேஜர் பக்கத்தில் இருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில் அது நடக்கட்டும்.

எங்கள் இணையதளத்தை வழங்கும் அப்பாச்சி ரீபூட்டில் எழவில்லை. மானிட்டரை மாட்டிப் பார்த்தால் ஏதோ பாஸ்ஃபிரேஸ் கேட்டுக்கொண்டு நிற்கிறது. போன மாதம் எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட் புதுப்பித்தோம்.
– அச்சக உரிமையாளர், தஞ்சாவூர்

புதுச் சாவி ஃபைலை உருவாக்கியவர் அதற்குப் பாஸ்ஃபிரேஸ், அதாவது அதைத் திறக்க ஒரு ரகசியச் சொல், போட்டிருக்கிறார். அன்று கையால் ரீஸ்டார்ட் கொடுத்தபோது அவரே பக்கத்தில் இருந்து அடித்திருப்பார். கரண்ட் வந்து தானாக எழும்போது பதில் சொல்ல ஆளில்லை. அவரைக் கேட்டு பாஸ்ஃபிரேஸைத் தெரிந்துகொண்டு, "ஓபன்எஸ்எஸ்எல் ஆர்எஸ்ஏ" கமாண்டில் பழைய சாவியை "இன்" என்றும் புதுப் பெயரை "அவுட்" என்றும் கொடுத்தால், பாஸ்ஃபிரேஸ் இல்லாத சாவி கிடைக்கும். அந்த ஃபைல் ரூட் பெயரில் இருக்கட்டும், அனுமதி 600 என்று வையுங்கள். அப்பாச்சி சாவியைப் படிப்பது ரூட்டாக இருக்கும் நேரத்தில்தான், ஆகவே வேறு யாருக்கும் அனுமதி தேவையில்லை. செட்டிங்கில் புதுச் சாவியின் பெயரை மாற்றி, "அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்" கொடுத்து "சின்டாக்ஸ் ஓகே" வந்ததும் மானிட்டரைக் கழற்றிவிட்டு ஒரு முறை ரீபூட் செய்து பாருங்கள்.